அரண்மனை வாடகைக்கு

ருஷ்ய நாட்டின் பழைய தலைநகரான செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் கையில் பணம் இருந்தால் அரண்மனையிலேயே கல்யாணம் செய்துகொள்ளலாம். நேவா நதிக்கரையில் விளாதிமிர் அரண்மனை இருக்கிறது. மொய்க்கா கரையில் யூசுப்போவ் அரண்மனை. ஊருக்கு வெளியே ஸ்திரெல்னாவில், கடலைப் பார்த்தபடி கான்ஸ்டன்டைன் அரண்மனை. கம்பெனி விருந்து, மகாநாடு, கல்யாண வரவேற்பு எல்லாவற்றுக்கும் அங்கே இடம் கிடைக்கும். யூசுப்போவ் அரண்மனையின் நிலவறைக்குத்தான் 1916 டிசம்பரில் ராஸ்புடினை விருந்துக்கு அழைத்துக் கொன்றார்கள். அந்த நிலவறையில் ராஸ்புடினுடைய மெழுகுப் பொம்மை உட்கார்ந்திருக்கிறது. மேல் மாடியில் விருந்தாளிகள் மணமக்களை வாழ்த்துகிறார்கள். இப்படி ஒரு காட்சியை நான் கதையில் எழுதினால் பத்திரிகை ஆசிரியர், "நம்பும்படியாக இல்லையே" என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

கல்யாணம் செய்துகொள்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. நன்றாக இருக்கட்டும். என் வழக்கு அவர்களுக்குப் பரிந்து பேசுகிற பெரிய மனிதர்களோடு. அவர்கள் மூன்று காரணம் சொல்லுகிறார்கள். அரண்மனை என்பது விருந்துக்காகவே கட்டப்பட்டது, அதில் விருந்து நடப்பதுதான் இயற்கை என்பது ஒன்று. வருகிற வாடகையில்தான் கூரை ஒழுகாமல் நிற்கிறது என்பது இரண்டாவது. மூன்றாவது காரணத்தை ராஜாங்கத்தார் சொல்லுகிறார்கள்: ஒரு தேசத்தின் முக்கியமான சடங்குகள் சரித்திரப் பிரசித்தி பெற்ற மண்டபத்தில் நடந்தால்தான் தேசத்துக்குக் கௌரவம். மூன்றும் கேட்கக் காதுக்கு இனிமையாக இருக்கின்றன. அதனால்தான் கொஞ்சம் உரசிப் பார்க்கவேண்டியிருக்கிறது.

விருந்துக்காகக் கட்டினதுதானே என்கிறார்கள். வாஸ்தவம். அப்படி நடந்த விருந்துகளில் ஒன்றிரண்டைப் பார்க்கலாமா?

1903 பிப்ரவரியில் குளிர்கால அரண்மனையில் ஒரு வேஷ நடனம் நடந்தது. ருஷ்யப் பிரபுக்கள் இன்று வரைக்கும் பெருமூச்சு விடுகிற நடனம். விருந்தாளிகள் 390 பேர். எல்லோரும் பதினேழாம் நூற்றாண்டு உடையில் வரவேண்டும் என்று உத்தரவு. ஜார் இரண்டாம் நிக்கொலஸ் தம்முடைய மூதாதை அலெக்ஸி மிகாயிலோவிச்சாக வந்தார். சக்கரவர்த்தினி அந்த ஜாரின் மனைவியாக வந்தாள். முதல் நாள் ஷாலியாபின் பாடினார்; பவ்லோவா ஆடினாள். உடைக்காகப் பழைய பெட்டிகளைக் குடைந்து பரம்பரை நகைகளை எடுத்தார்கள். விருந்தாளிகளை அதே உடையில் நிற்கவைத்துப் படமெடுத்து ஆல்பமாகவும் அச்சடித்தார்கள். ஜாரின் மைத்துனர் ஒருவர், அலெக்ஸாந்தர் மிகாயிலோவிச் என்ற இளவரசர், பிற்காலத்தில் பிழைத்துத் தப்பி வெளிநாட்டில் உட்கார்ந்து எழுதிய நினைவுகளில் அந்த இரவைச் சொல்லுகிறார். உள்ளே ஆடிக்கொண்டிருந்தபோது வெளியே தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்துகொண்டிருந்தது அவருக்கு நினைவு வருகிறது. நடனமாடினபோதே அது நினைவு வந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

என்ன ஆயிற்று பாருங்கள். இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. 1905 ஜனவரியில், பழைய பஞ்சாங்கப்படி ஒன்பதாம் தேதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை, தொழிலாளர்கள் மனைவி மக்களோடு, கையில் ஜாரின் படத்தையும் சாமி படத்தையும் ஏந்திக்கொண்டு அதே குளிர்கால அரண்மனையை நோக்கி மனுக் கொடுக்க வந்தார்கள். ஜார் ஊரில் இல்லை, துப்பாக்கிகள் இருந்தன. அரண்மனை வாசலுக்கு வந்தவர்கள் யார் யார் என்று ஆல்பம் போட அன்றைக்கு ஆள் இல்லை.

அந்த 1903 நடனத்திலிருந்து மிஞ்சினது என்ன தெரியுமா? சீட்டுக்கட்டு! அந்த உடைகளைப் பார்த்து வரைந்த ராஜா, ராணி, ஜாக்கி படங்களோடு 1911-இல் ஒரு சீட்டுக்கட்டு அச்சாயிற்று. அரசு போயிற்று, பிரபுக்கள் போனார்கள், சோவியத் வந்தது. சீட்டுக்கட்டு மாத்திரம் போகவில்லை. ரயிலிலும் ராணுவக் கொட்டடியிலும் ருஷ்யன் அதே ராஜாவையும் ராணியையும் கீழே அடித்து விளையாடிக்கொண்டிருந்தான். இன்றைக்கும் விளையாடுகிறான். ஒரு வம்சத்தின் மிகப் பெரிய வைபவத்துக்கு இதைவிட நியாயமான நினைவுச் சின்னத்தை என்னால் கற்பனை செய்ய முடியவில்லை.

அதே 1903-ஆம் வருஷம் டால்ஸ்டாய் ஒரு சிறுகதை எழுதினார். 'நடனத்துக்குப் பிறகு' என்று பெயர். நேயர்களில் பலர் படித்திருப்பீர்கள். ஒரு வாலிபன் ஒரு பெண்மீது மயங்கி இரவெல்லாம் ஆடுகிறான். அவள் தகப்பனாரான கர்னல், மகளோடு அழகாக நாலு அடி ஆடிக் காட்டுகிறார். வாலிபனுக்கு உலகத்தையே கட்டித் தழுவத் தோன்றுகிறது. விடியற்காலையில் தூக்கம் வராமல் வெளியே போகிறான். ஓடிப்போக முயன்று பிடிபட்ட ஒரு தாத்தாரியச் சிப்பாயை இரண்டு வரிசைச் சிப்பாய்களுக்கு நடுவே இழுத்துப்போய்க் கழியால் அடிக்கிறார்கள். மேற்பார்வை பார்க்கிறவர் அதே கர்னல். அவ்வளவுதான் கதை. டால்ஸ்டாய் அதைத் தம் உயிரோடு இருந்தவரை அச்சுக்குக் கொடுக்கவில்லை, 1911-இல்தான் வெளிவந்தது. சீட்டுக்கட்டு அச்சான அதே வருஷம். எந்த விருந்தையும் மறுநாள் காலை வரைக்கும் பார்க்காமல் எடை போடக் கூடாது என்று கதை எழுதுகிறவனுக்குச் சொல்லிக்கொடுத்தது அந்தக் கதை. அரண்மனை விருந்துகளையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

காதரின் சக்கரவர்த்தினிக்காகப் பொட்டெம்கின் 1791 ஏப்ரலில் கொடுத்த விருந்தைச் சொல்லாத ருஷ்யச் சரித்திரப் புத்தகம் இருக்காது. மூவாயிரம் விருந்தாளிகள். துருக்கியரிடமிருந்து இஸ்மாயில் கோட்டையைப் பிடித்ததற்காகக் கொண்டாட்டம். மறுநாள் காலை எப்படி இருந்தது? அக்டோபரில் பொட்டெம்கின் தெற்கே வெட்டவெளியில், பயணத்தின் நடுவில், சாலை ஓரத்தில் இறந்துபோனான். காதரின் போய் அவள் மகன் பால் பட்டத்துக்கு வந்தான். அம்மாவைப் பிடிக்காத பிள்ளை. அந்த அரண்மனையைக் குதிரைப் படைக்குக் கொடுத்துவிட்டான். சக்கரவர்த்தினி பவனி வந்த இடத்தில் குதிரைகளைக் கட்டினார்கள். 'அரண்மனை எதற்காகக் கட்டப்பட்டது' என்கிற வாதத்தைக் குதிரைகளிடம் சொல்லிப் பார்த்திருக்க வேண்டும்.

1896-இல் முடிசூட்டு விழாவின்போது மாஸ்கோவில் ஹோடின்கா மைதானத்தில் இலவசப் பரிசுக்காகக் கூடிய ஏழை ஜனங்கள் நெரிசலில் மிதிபட்டார்கள். சர்க்கார் கணக்குப்படியே 1,389 பேர் செத்தார்கள். அன்றிரவு பிரெஞ்சுத் தூதர் மோந்தபெல்லோ ஏற்பாடு செய்திருந்த நடன விருந்துக்கு ஜாரும் ஜாரினியும் போனார்கள். போகாவிட்டால் பிரான்ஸ் தேசம் வருத்தப்படுமாம். விருந்தை நிறுத்த முடியாது என்பதே பெரிய விருந்துகளின் லட்சணம். பிணத்தை நகர்த்திவிடலாம், அழைப்பிதழை நகர்த்த முடியாது.

இவ்வளவும் விருந்து. இனிக் கட்டடம். குளிர்கால அரண்மனை 1837 டிசம்பரில் தீப்பிடித்து மூன்று நாள் எரிந்தது. ஒரே வருஷத்தில் திரும்பக் கட்டவேண்டும் என்று முதலாம் நிக்கொலஸ் உத்தரவு போட்டார். 1839 ஈஸ்டர் பண்டிகைக்குக் கட்டியும் முடித்தார்கள். எப்படி முடித்தார்கள் என்று அந்த வருஷம் ருஷ்யாவுக்குப் போன கஸ்தீன் என்ற பிரெஞ்சுப் பிரபு எழுதிவைத்திருக்கிறார். வெளியே எலும்பை உறையவைக்கும் பனி. உள்ளே சுண்ணாம்பு சீக்கிரம் உலர வேண்டும் என்று அடுப்பை மூட்டி வெந்நீர்க் கொப்பரை மாதிரிச் சூடு. இரண்டுக்கும் நடுவே போய்வந்து ஆட்கள் விழுந்து விழுந்து செத்தார்கள் என்கிறார். அவர் மிகைப்படுத்திவிட்டார் என்று ருஷ்யர்கள் சொல்லுவார்கள். சரி, பாதியைத் தள்ளிவிடுவோம். மீதிப் பாதி போதாதா? வேலை செய்தவர்களுக்கு ஒரு மெடல் அடித்துக் கொடுத்தார்கள். அதன் ஒரு பக்கத்தில் 'நன்றி' என்று பொறித்திருந்தது.

இப்போது வாடகைக்காரர்களிடம் வருகிறேன். அவர்களுடைய வாதம்தான் மூன்றில் பலமானது. அதை அலட்சியம் செய்ய நான் தயாராக இல்லை. அரண்மனை என்றால் லேசான சமாசாரமா? பொன்முலாம், பட்டுச் சுவர், ஆயிரம் ஜன்னல். யார் செலவு செய்வது? கான்ஸ்டன்டைன் அரண்மனையையே எடுத்துக்கொள்ளுங்கள் என்பார்கள். மகா பீட்டர் மனசில் உருவான இடம். பிறகு கான்ஸ்டன்டைன் இளவரசருக்குப் போயிற்று. இரண்டாம் உலக யுத்தத்தில் பாழாயிற்று. அப்புறம் வடதுருவக் கடலில் வேலை செய்கிறவர்களைத் தயார்செய்யும் பள்ளிக்கூடம் அங்கே இருந்தது. 1990 வாக்கில் அதுவும் போய், ஓட்டைச் சுவரும் முட்செடியுமாகக் கிடந்தது. 2001-இல் ராஜாங்க மகாநாட்டு மாளிகையாக்குவது என்று முடிவு செய்து, நகரத்தின் 300-ஆம் ஆண்டு விழாவான 2003-க்குள் புதுப்பித்துவிட்டார்கள். மகாநாடு இல்லாவிட்டால் மாளிகை இல்லை. ஒப்புக்கொள்கிறேன். அந்த இடத்தைப் பொறுத்தவரை அவர்கள் வாதம் நிற்கும்.

ஆனால் மற்ற அரண்மனைகளை நிமிர்த்தினவர்கள் யார்? வாடகைக்காரர்களா?

1944 ஜனவரியில் ஜெர்மானியர் பின்வாங்கியபோது பீட்டர்ஹாப் எரிந்துபோன கூடு. புஷ்கின் நகரத்துக் காதரின் அரண்மனைக்கும் அதே கதி. பவ்லோவ்ஸ்க் அரண்மனை எரிந்தது. லெனின்கிராட் நகரம் 872 நாள் முற்றுகையில் கிடந்து, ஆறு லட்சத்துக்குக் குறையாத மக்களைப் பசிக்கும் குண்டுக்கும் பறிகொடுத்துவிட்டு அப்போதுதான் மூச்சு விடுகிறது. அந்த அரண்மனைகளிலிருந்து சமயத்தில் எடுத்துவந்த பொருள்களை நகரத்தில் ஐசக் பேராலயத்தின் நிலவறையில் அடுக்கி வைத்து, அரண்மனைச் சிப்பந்திகள் அங்கேயே குடியிருந்து காவல் காத்தார்கள். ஈரம் சொட்டும் அறை. சோறு கிடையாது. கையருகே ராஜ நாற்காலிகள். எரித்துக் குளிர் காயலாம். எரிக்கவில்லை. அன்னா ஸெலெனோவா என்ற பெண்மணி அவர்களில் ஒருத்தி. பவ்லோவ்ஸ்க் தோட்டத்துச் சிலைகளை எதிரி வருமுன் மண்ணுக்குள் ஆழமாகப் புதைத்துவிட்டு வந்தவர்களில் ஒருத்தி. யுத்தத்துக்குப் பின் அந்த அரண்மனையை மறுபடி எழுப்பும் வேலையில் ஆயுளையே செலவழித்தாள்.

முற்றுகை முழுக்க நீங்குவதற்கு முன்பே 1943-இல் அந்த நகரத்தில் பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகளைச் சேர்த்து, பூச்சு வேலை, செதுக்கு வேலை, பொன் வேலை கற்பிக்கப் பள்ளி தொடங்கினார்கள். தாய் தகப்பன் பசியில் செத்த பிள்ளைகள் அவர்களில் பலர். அரண்மனைகளின் கூரைச் சித்திரமும் கதவுப் பூவேலையும் திரும்ப வந்தது இப்படிப்பட்ட கைகளால்தான். பீட்டர்ஹாபின் பெரிய நீரூற்றில் நின்ற சாம்ஸன் சிலையை ஜெர்மானியர் தூக்கிப் போய்விட்டார்கள். புதிதாக ஒன்றை வார்த்து 1947 செப்டம்பரில் நீரூற்றைத் திறந்தார்கள். ருஷ்யாவில் ரேஷன் முறை எடுபட்டது அந்த வருஷம் டிசம்பரில்தான். அதாவது ரொட்டிக்குச் சீட்டு வைத்துக்கொண்டிருந்த ஜனங்கள் நீரூற்றுக்குப் பொன்முலாம் பூசினார்கள். அது பைத்தியக்காரத்தனம் என்று சொல்லுகிறவர்கள் சொல்லட்டும். அரண்மனை தங்களுடையது என்று நம்பினால்தான் மனிதன் அப்படிப் பைத்தியமாவான்.

அப்படி நிமிர்ந்த கட்டடத்தில் ஒரு நாள் சாயங்காலம் வாசலில் ஓர் ஆள் நின்று, "இன்றைக்குத் தனியார் விசேஷம், உள்ளே போகக் கூடாது" என்கிறான். கூரைக்குப் பணம் வருகிறதே என்கிறீர்கள். வரட்டும். ஆனால் பணம் கொடுத்தவன் எதை வாங்கினான் என்று யோசித்தீர்களா? சாப்பாட்டையா? அதைவிட நல்ல சாப்பாடு ஓட்டலில் கிடைக்கும். வெளிச்சத்தையா? கண்ணாடியையா? பகலில் சீட்டு வாங்கிக்கொண்டு யார் வேண்டுமானாலும் அவற்றைப் பார்க்கலாம். அவன் வாங்கினது மூடின கதவு. மற்றவர்கள் வெளியே நிற்கிறார்கள் என்பதுதான் அந்த விருந்தின் ருசி. அதைக் கழித்துவிட்டால் அந்த வாடகையை ஒருவரும் கொடுக்கமாட்டார்கள். நல்ல காரியத்துக்குப் பணம் கொடுத்தவர்கள் வேறு விதம். ஜெர்மானியர் 1941-இல் பெயர்த்துக்கொண்டு போன அம்பர் அறையை 1979-இலிருந்து ருஷ்யக் கைவினைஞர்கள் திரும்பச் செய்தார்கள். முடிக்கும் தறுவாயில் ஒரு ஜெர்மன் எரிவாயுக் கம்பெனி 35 லட்சம் டாலர் கொடுத்தது. 2003-இல் அறை திறந்தது. எல்லோரும் போய்ப் பார்க்கிறார்கள். கொடுத்தவனுக்குப் பெயர்; பார்க்கிறவனுக்குப் பாத்தியதை. இது தானம். மற்றது வியாபாரம். வியாபாரத்தைத் தானம் என்று சொல்லும்போதுதான் எனக்கு எரிச்சல் வருகிறது.

சாமானிய ருஷ்யனுக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். லெனின்கிராட் மாகாணத்துக் கட்சித் தலைவராக 1970 முதல் 1983 வரை இருந்தவர் கிரிகோரி ரொமானோவ். ஜார் வம்சத்தின் பெயர்தான், ஆனால் உறவு கிடையாது. 1974-இல் அவருடைய மகளுக்குக் கல்யாணம் ஆயிற்று. அந்தக் கல்யாணத்தைத் தவ்ரிச்செஸ்கி அரண்மனையில், அதாவது பொட்டெம்கினின் அந்தப் பழைய அரண்மனையில், நடத்தியதாகவும், ஹெர்மிடேஜ் மியூசியத்திலிருந்து காதரின் சக்கரவர்த்தினியின் பீங்கான் பாத்திரங்களை வரவழைத்துச் சாப்பிட்டதாகவும், குடிவெறியில் அவற்றைப் போட்டு உடைத்ததாகவும் ஊரெல்லாம் பேச்சு. அப்படி எதுவும் நடக்கவே இல்லை. சிலரை மாத்திரம் அழைத்து வீட்டளவில் நடந்த கல்யாணம் என்று அவரும் சொன்னார். ஒரு தட்டுக்கூட வெளியே போகவில்லை என்று மியூசியமும் மறுத்தது. யார் கேட்டார்கள்? மேல்பதவிக்கு 1985-இல் நடந்த போட்டியில் அவர் தோற்றதற்கு அந்த வதந்தியும் ஒரு காரணம் என்பார்கள். சாகும்வரை, 2008 வரை, மறுத்துக்கொண்டே இருந்தார். அவருக்கு நடந்தது அநியாயம். ஆனாலும் நாவலாசிரியன் கவனிக்க வேண்டியது வேறொன்று: ஜனங்கள் எதை மன்னிக்கமாட்டார்கள் என்பதை அந்தப் பொய் காட்டிக் கொடுத்தது. லஞ்சத்தை மன்னித்தார்கள், அதட்டலைச் சகித்தார்கள். நம்முடைய மியூசியத்துத் தட்டில் அவன் சாப்பிட்டான் என்பதை மாத்திரம் மன்னிக்கவில்லை. அன்றைக்குப் பொய்யாகச் சொன்னதற்கே ஊர் கொதித்தது. இன்றைக்கு அரண்மனைக் கல்யாணத்துக்கு ரசீது போட்டுக் கொடுக்கிறார்கள்.

இனி ராஜாங்கக் கௌரவம்.

1906 ஏப்ரல் 27, பழைய பஞ்சாங்கம். ருஷ்யாவின் முதல் பார்லிமெண்டை ஜார் திறந்துவைத்தார். எங்கே? குளிர்கால அரண்மனையின் சிம்மாசன மண்டபத்தில். மாஸ்கோவிலிருந்து கிரீடமும் செங்கோலும் வந்தன. மண்டபத்தின் ஒரு பக்கம் பொன்ஜரிகை உடுத்த மந்திரிகள், பிரபுக்கள், வைரம் இழைத்த சீமாட்டிகள். எதிர்ப்பக்கம் ஜனங்கள் தேர்ந்தெடுத்து அனுப்பின பிரதிநிதிகள். அவர்களில் குடியானவர்கள் முழங்கால் பூட்ஸோடு, தொழிலாளர்கள் வேலைச் சட்டையோடு நின்றார்கள். நடுவே வெறும் தரை. கௌரவம் கொடுக்க என்றுதான் அரண்மனைக்கு அழைத்தார்கள். 'நீ எங்கே, நான் எங்கே பார்' என்று சொல்லாமல் சொன்ன மாதிரி ஆயிற்று. எதிரே நின்றவர்கள் முகத்தில் இருந்த வெறுப்பைப் பார்த்து ஜாரின் தாயார் நடுங்கிப்போனாள். அந்தப் பார்லிமெண்டு 72 நாள் உயிரோடு இருந்தது. பிறகு ஜார் கலைத்துவிட்டார். மண்டபத்தின் மகிமை ஒரு சபைக்கு 73-ஆவது நாளைக்கூடச் சம்பாதித்துக் கொடுக்கவில்லை.

நம் காலத்துக்கு வந்தால், ஸ்திரெல்னாவின் கான்ஸ்டன்டைன் அரண்மனையில் 2003 மே மாதம் ருஷ்யாவும் ஐரோப்பிய யூனியனும் உட்கார்ந்து இனி நாம் எல்லாத் துறையிலும் அண்டை அயலாக வாழ்வோம் என்று பேசின. 2006 ஜூலையில் எட்டு வல்லரசுகளின் மகாநாடு. 2013 செப்டம்பரில் ஜி-20. அந்த ஜி-20-இல் தலைவர்கள் பீட்டர்ஹாபில் இரவு விருந்து சாப்பிட்டுக்கொண்டே நடுநிசிக்கு மேலும் சிரியா யுத்தத்தைப் பற்றி வாதாடினார்கள். சிரியாவில் யுத்தம் நின்றதா? அடுத்த வருஷமே எட்டு வல்லரசு ஏழாயிற்று. ருஷ்யாவை வெளியே நிறுத்திவிட்டார்கள். கண்ணாடி விளக்கின் கீழே கை குலுக்கினால் கை சுத்தமாகிவிடாது.

2017 ஜூன் முதல் தேதி அதே கான்ஸ்டன்டைன் அரண்மனையில் இந்தியப் பிரதமரும் ருஷ்ய ஜனாதிபதியும் பேசினார்கள். அப்போதுதான் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் ஐந்தாவது, ஆறாவது உலைகளுக்கான ஒப்பந்தம் முடிந்தது. நம் திருநெல்வேலிச் சீமைக் கடற்கரையின் விஷயம் பால்டிக் கடற்கரையில் ஓர் இளவரசரின் மாளிகையில் பேசி முடிந்திருக்கிறது. இடிந்தகரையில் வலை உலர்த்துகிறவனுக்கு அந்த மாளிகையின் பெயர் தெரிந்திருக்க நியாயம் இல்லை. உலை நல்லதா கெட்டதா என்ற வழக்கை நான் இங்கே எடுக்கவில்லை. அது நன்றாக இருந்தாலும் கெட்டதாக இருந்தாலும் அரண்மனையில் கையெழுத்தானதால் ஒரு குன்றிமணி கூடவும் இல்லை, குறையவும் இல்லை என்றுதான் சொல்லுகிறேன்.

குன்றிமணி கூடாவிட்டால் போகிறது. தீமைக்கு உடை மாட்டிவிட உதவுகிறதே, அதற்கு என்ன செய்வது? மாஸ்கோவில் பெரிய கிரெம்ளின் அரண்மனை இருக்கிறது. 1849-இல் கட்டி முடித்தது. அதில் ஜார்ஜ் மண்டபம். வீரப் பதக்கம் பெற்ற ஆயிரக்கணக்கானவர்களின் பெயர்களை அதன் சுவர்ச் சலவைக் கல்லில் பொறித்திருக்கிறார்கள். 2014 மார்ச் 18-ஆம் தேதி கிரிமியாவை ருஷ்யாவோடு சேர்த்துக்கொள்ளும் உடன்படிக்கை அந்த அரண்மனையில்தான் கையெழுத்தாயிற்று. 2022 செப்டம்பர் 30-ஆம் தேதி, உக்ரேனின் மேல் படை எடுத்த ஏழாம் மாதம், அதே ஜார்ஜ் மண்டபத்தில் பிரமுகர்களை வரிசையாக உட்காரவைத்து, இன்னும் நாலு மாகாணங்களைச் சேர்த்துக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டார்கள். அந்த மாகாணங்களில் பல ஊர்கள் அன்றைக்கு அவர்கள் கையிலேயே இல்லை. பன்னிரண்டு நாள் கழித்து ஐக்கிய நாடுகள் பொதுச்சபையில் 143 நாடுகள் அது செல்லாது என்று வாக்களித்தன. அந்தக் காகிதத்தை ஒரு சாதாரண ஆபீஸ் அறையில், மேஜையில், இங்க் புட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டிருந்தால் எப்படி இருந்திருக்கும்? அக்கம்பக்கத்து நிலத்தை வளைத்துப் போட்டவன் ரிஜிஸ்திரார் ஆபீஸில் நிற்கிற மாதிரி இருந்திருக்கும். அதனால்தான் பொன்விளக்கு வேண்டியிருக்கிறது. கௌரவம் ஏற்கெனவே இருக்கிற காரியத்துக்கு யாரும் மண்டபம் தேடி அலைவதில்லை.

இவ்வளவு சொன்னதால் அரண்மனையில் எந்த வைபவமுமே நடக்கக் கூடாது என்கிற கட்சியில் என்னைச் சேர்த்துவிட வேண்டாம். நடந்த வைபவம் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் பேனாவை எடுத்தேன்.

1941. ஹெர்மிடேஜ் மியூசியம், அதாவது பழைய குளிர்கால அரண்மனையும் அதைச் சேர்ந்த மாளிகைகளும். பத்து லட்சத்துக்கு மேற்பட்ட கலைப்பொருள்களை இரண்டு ரயில்களில் ஏற்றித் தூரத்துக்கு அனுப்பிவிட்டார்கள். சுவரில் வெறும் சட்டங்கள் தொங்குகின்றன. நிலவறைகளில் இரண்டாயிரம் பேர் குண்டுக்குப் பயந்து குடியிருக்கிறார்கள். சித்திரங்களைப் பழுது பார்க்க வாங்கிவைத்திருந்த பசையைக் காய்ச்சிச் சாப்பிடுகிறார்கள். அந்த மியூசியத்தின் தலைவர் இயோஸிப் ஒர்பெலி. நீண்ட தாடி, முன்கோபக்காரர், கிழக்கத்திய மொழிகளில் மகா பண்டிதர். நிஸாமி என்ற பாரசீக மொழிக் கவிஞர் பிறந்து 800 வருஷம் நிறைகிறது. விழாக் கொண்டாட வேண்டும் என்று அவர் முன்னமே திட்டம் போட்டிருந்தார். நகரம் முற்றுகையில் இருக்கிறதே, தள்ளிவைக்கலாம் என்றால் கேட்கமாட்டேன் என்றார். அக்டோபர் 19-ஆம் தேதி விழா நடந்தது. பேச வேண்டியவர்களில் சிலர் போர்முனையில் இருந்தார்கள். சொற்ப நேர விடுப்பில் வந்து பேசிவிட்டுத் திரும்பினார்கள்.

டிசம்பரில் அலிஷேர் நவாயிக்கு 500-ஆம் ஆண்டு. அப்போது நிலைமை இன்னும் மோசம். ஆபீஸில் வேலை செய்கிறவனுக்கு ஒரு நாளைக்கு 125 கிராம் ரொட்டி. அதிலும் பாதி மாவு அல்ல. விளக்கு இல்லை, தண்ணீர் இல்லை, டிராம் இல்லை. டிசம்பர் 10, 12 இரண்டு நாளும் விழா. நேவா நதியில் பனியில் உறைந்து நின்ற 'துருவ நட்சத்திரம்' என்ற கப்பலிலிருந்து கம்பி இழுத்து மியூசியத்துக்குக் கொஞ்சம் மின்சாரம் கொடுத்தார்கள் மாலுமிகள். அந்தக் கப்பல் ஒரு காலத்தில் ஜார் குடும்பம் உல்லாசப் பயணம் போன கப்பல். மிகாயில் மோஹ் என்ற கலைஞர் நவாயியின் காவியக் காட்சிகளைப் பீங்கான் கிண்ணத்திலும் பெட்டியிலும் தீட்டினார். அந்த மின்சாரத்தில்தான் அவற்றைச் சுட்டெடுத்தார்கள். நிக்கொலாய் லெபெதெவ் என்கிற மொழிபெயர்ப்பாளர் தாம் மொழிபெயர்த்த நவாயியைப் படித்தார். எழுந்து நிற்கத் தெம்பு இல்லை. உட்கார்ந்தபடியே படித்தார். அதன் பிறகு அதிக நாள் அவர் உயிரோடு இல்லை.

யோசித்துப் பாருங்கள். கொண்டாடப்பட்டவர் ருஷ்யர்கூட இல்லை. ஐந்து நூற்றாண்டுக்கு முன் ஹீராத்தில் வாழ்ந்த துருக்கிய மொழிப் புலவர். கொண்டாடினவர்கள் அடுத்த வேளை சாப்பாடு நிச்சயமில்லாதவர்கள். வெளியே சுற்றி வளைத்துக்கொண்டு நின்றவன் இவர்களை மிருகமாக்கப் பார்க்கிறான். அன்றைக்கு அந்த மாளிகை அவர்களுக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. குளிரைத்தான் கொடுத்தது. கௌரவத்தை அவர்கள்தான் கொண்டுவந்து அதனிடம் கொடுத்தார்கள். 390 பேர் ஆடிய நடனத்தையும், சிம்மாசன மண்டபத்து ஜரிகையையும் ஒரு தட்டில் வைத்து, லெபெதெவ் உட்கார்ந்திருந்த நாற்காலியை மறு தட்டில் வைக்கச் சொல்லுங்கள். எது தாழும் என்று நான் சொல்லித்தானா தெரிய வேண்டும்?

வாடகைக்கு விடுகிறவர்களுக்கு என்னால் ஆன யோசனை ஒன்று உண்டு. விடுங்கள், கூரை ஒழுகக் கூடாதுதான். ஆனால் கதவை மூடுகிற அன்றைக்கு, யாருக்காக மூடினோம், அவர் எவ்வளவு கொடுத்தார், அந்தப் பணம் எந்த ஜன்னலுக்கு, எந்தச் சுவருக்குப் போயிற்று என்று வாசலில் எழுதி ஒட்டுங்கள். தம் பெயரை ஒட்டச் சம்மதிக்காதவருக்கு மண்டபம் கிடையாது. மறுநாள் முழுக்கச் சீட்டு இல்லாமல் எல்லோரையும் உள்ளே விடுங்கள். முக்கியமாக, செதுக்கு வேலையும் பொன் வேலையும் செய்தார்களே அந்தப் பிள்ளைகளின் பேரன் பேத்திகளை. ராத்திரி பரிமாறின மீனின் வாசனை மண்டபத்தை விட்டுப் போகும்வரை அவர்களை வெளியே காக்கவைக்க வேண்டாம். வந்து முகர்ந்து பார்க்கட்டும்.